மூன்று முறை வேகவைத்த எலும்பு

நான் சுத்த சைவம். பிறந்த வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், புகுந்த வீடு திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத்தில். இரண்டு வீட்டிலும் முட்டை என்ற சொல்லையே கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆட்டு எலும்பு வேகவைத்திருக்கிறேன். பிரஷர் குக்கரில், பெருங்காயம் போட்டு, மாமியார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. அதை யாரும் சாப்பிடவில்லை என்பது ஒன்றுதான் என் தரப்பில் சொல்லிக்கொள்ளக்கூடிய நியாயம்.

இப்போது கொலாஜென் என்று ஒரு பொடியை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். என் மருமகள் தினமும் காலையில் அதைக் கரைத்துக் குடிக்கிறாள். முகத்தில் சுருக்கம் விழாதாம். (விழுகிறதா இல்லையா என்று நான் உற்றுப் பார்ப்பதில்லை. குடும்ப நிம்மதி முக்கியம்.) அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. "எதுக்கும்மா சிரிக்கறேள்?" என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். எங்கள் வீட்டு எலும்புக் கதை அவளுக்குத் தெரியும், அதற்கும் இந்த டப்பாவுக்கும் உள்ள உறவுதான் தெரியாது. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. உயிர்வேதியியலில் எம்.எஸ்.ஸி. முதல் வகுப்பு வாங்கிய கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒன்றரை வருஷம் சமையலறையில் பருப்பு வேகவைத்தபடியே புரதங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அரசாங்க ஆபீசில் வேலை. நல்ல மனிதர். ஆனால் வீட்டில் ஏதாவது முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தால் உடனே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். எனவே எல்லா முடிவும் என் மாமியாருடையது.

ஒரு தனியார் பெண்கள் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. பதினைந்து நிமிஷம் மாணவிகள் முன்னால் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், தலைப்பு "மனித உடலில் கொலாஜென்" என்று எழுதியிருந்தது. கடிதத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வலது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் முன்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து, அப்போதுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள்.

"கேட்டியோ வசந்தா, ஒரு தடவை போய்ட்டு வா. கிடைச்சா உன் பாக்கியம். கிடைக்கலேன்னா பின்னே இந்தப் பேச்சே எடுக்கப்படாது. ஆத்துல வேலையாக்கும் மலை மாதிரி கிடக்கு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆக, எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அது போனால் ஆயுளுக்கும் பருப்புதான்.

இப்படி ஒரு நிலைமையில் புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? கரும்பலகையில் படம் போட்டு, பாடத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு வருவார்கள். எனக்கு அது போதவில்லை. முதல் வகுப்பு வாங்கிய தலை. எல்லாரும் வாயைப் பிளக்கும்படி ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று ஆசை. அதற்குத் தோதாகப் பாடப் புத்தகத்திலேயே ஒரு சோதனை இருந்தது.

எலும்பு என்பது இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று சுண்ணாம்புச் சத்து. அதுதான் கெட்டி. இன்னொன்று கொலாஜென் என்ற புரத நார். எலும்பைச் சில நாள் நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்து நார் மட்டும் மிஞ்சும். பார்த்தால் முழு எலும்பாகவே இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். மெல்லிய எலும்பாக இருந்தால் முடிச்சே போடலாம். சேலை கட்டிய ஓர் இளம்பெண் மேடையில் நின்று எலும்பில் முடிச்சுப் போடுவதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். கைதட்டல்கூடக் கேட்டது.

அக்ரஹாரத்தில் எலும்புக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பஸ் பிடித்துப் பாளையம் மார்க்கெட்டுக்குப் போனேன். இறைச்சிக் கடைகளின் வரிசை முன்னால் நான்கு தடவை நடந்தேன், ஐந்தாவது தடவை ஒரு கடைக்காரரே கூப்பிட்டுவிட்டார்.

"எந்து வேணம் சேச்சீ?"

"ஒரு எல்லு." (மலையாளத்தில் எலும்புக்கு அதுதான் சொல் என்பதை முன்னாலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.)

"ஒரு எல்லோ?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் குங்குமம், தலையில் முல்லைப்பூ, கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. "பட்டிக்காணோ?"

நாய்க்கா என்று கேட்கிறார். அந்த நாய்தான் என்னைக் காப்பாற்றியது. "அதே, அதே. பட்டிக்கு."

"பட்டி எத்ர வலுதாணு?"

எவ்வளவு பெரிய நாய் என்பதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கையால் ஓர் உயரம் காட்டினேன். அது பூனையின் உயரம். அவர் பரிதாபப்பட்டு ஆட்டின் விலா எலும்புகளாகப் பார்த்துத் தேக்கிலையில் கட்டிக்கொடுத்தார். முருங்கைக்காய்க்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் எல்லாரும் என் பையையே பார்ப்பதாகத் தோன்றியது.

அடுத்த நாள் மாமியார், மாமனாரோடு கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். எலும்பில் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் வழிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. என்னால் முடியவில்லை. தொடவே கை வரவில்லை. அந்த நேரத்தில் எம்.எஸ்.ஸி. எங்கோ போய்விட்டது, வளர்ந்த வீடு முன்னால் வந்து நின்றது. எங்களுக்கு அசுத்தம் என்றால் ஒரே வழிதான் தெரியும், கொதிக்க வை. அதுவும் ஒரு தடவை போதாது. பாத்திரத்தை மூன்று தடவை அலம்பு, வாயை மூன்று தடவை கொப்பளி. ஆகவே எலும்பையும் மூன்று தடவை.

வாசனை வெளியே வராமல் இருக்கப் பிரஷர் குக்கர்தான் சரி என்று முடிவு செய்தேன். அது என் அப்பா சீர் கொடுத்தது. "இரும்புச் சட்டி கூவறது" என்று ஆறு மாதம் திட்டிவிட்டு, பருப்பு வேகும் வேகத்தைப் பார்த்தபின் மாமியார் தன் பிள்ளையைவிட அதிகமாக அதை நம்பினார். அதில் எலும்பைப் போட்டு எட்டு விசில் விட்டேன். விசில் என்றால் ஆவி வெளியே வருவதுதான் என்பது முதல் விசிலில்தான் உறைத்தது. அவசரத்துக்குக் கட்டிப் பெருங்காயத்தை உடைத்துப் போட்டேன். தண்ணீரை மாற்றி மறுபடி எட்டு. மறுபடி மாற்றி மறுபடி எட்டு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். கொல்லைப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மாமியின் குரல் வந்தது.

"வசந்தா, எந்தாக்கும் சமையல்? வாசனை தூக்கறது, ஆனா என்னன்னு பிடிபடலையே?"

"எங்க ஊர்க் கொழம்பு மாமி."

"பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தியோ? சாரமில்லே, பரவாயில்லை. ஒரு நாள் எனக்கும் சொல்லித்தா."

வடித்த தண்ணீரை வாழை மரத்தடியில் கொட்டினேன். அப்போது விரலில் பட்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பசை தடவின மாதிரி. கொழுப்பு என்று நினைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எந்தப் பொருளைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறேனோ, அது என் விரலிலேயே ஒட்டி, நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னது. எனக்குக் கேட்கவில்லை.

வெந்த எலும்பில் அழகான ஒன்றை இடுக்கியால் எடுத்து, கழிவறை கழுவும் ஆசிட்டில் தண்ணீர் கலந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊறப்போட்டு, விறகுக் கொட்டிலில் ஒளித்துவைத்தேன். குக்கரைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அதற்கப்புறமும் அதில் வீட்டில் உள்ளவர்களுக்குப் பருப்பு வைக்க மனசு கேட்கவில்லை. "மூடியோட ரப்பர் காஸ்கெட் போய்டுத்தும்மா" என்று பொய் சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டேன். மூன்று நாள் மாமியார் அந்த நோவு பிடித்த கையால் பருப்பைக் கிளறி மசித்துக்கொண்டிருந்தார். "நான் பண்றேம்மா" என்றாலும் விடமாட்டார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்முகத் தேர்வு நாள். போகிற வழியில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பையில் ஆட்டு விலா எலும்பை வைத்துக்கொண்டு எப்படிக் கோவில் வாசலை மிதிப்பது? தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடையோரமாக நின்று, "பையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், கேட்காதே" என்று கும்பிட்டுவிட்டு நழுவினேன்.

வகுப்பில் நாற்பது மாணவிகள். முன்வரிசையில் பிரின்சிபால், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையில். பக்கத்தில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த வயதான டாக்டர். நான் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். கொலாஜென் என்பது மூன்று இழை முறுக்கிய கயிறு. தோலில் அதுதான், தசையை எலும்போடு கட்டும் நாணில் அதுதான், ரத்தக்குழாய்ச் சுவரில், ஈறில், கண்ணின் முன்படலத்தில்கூட அதுதான். புண் ஆறுவது அதனால். அந்தக் கயிறு முறுக்கேற வைட்டமின் சி வேண்டும், இல்லாவிட்டால் ஈறு கசிந்து பல் ஆடும், பழைய தழும்பே பிரியும். மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். டாக்டர் தலையாட்டினார். அந்த உற்சாகத்தில் அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"கொலாஜெனை நீரில் நெடுநேரம் வேகவைத்தால் முறுக்குப் பிரிந்து ஜெலட்டினாகி, தண்ணீரோடு கரைந்து போய்விடும்."

பரீட்சையில் அடிக்கோடு போட்டு எழுதிய வரி. இத்தனை நாளும் என் மண்டைக்குள்ளேயேதான் இருந்தது. வாயால் சொல்லி அது காதில் விழுந்த பிறகுதான் வாழை மரத்தடியும் ஒட்டிய விரல்களும் நினைவுக்கு வந்தன. என் கை அதற்குள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்கலாம். தைரியம் இல்லை. ஒருவேளை கொஞ்சமாவது நார் மிச்சமிருக்கும் என்று நம்பினேன். பாட்டிலுக்குள் எலும்பு முழுசாக, அழகாகத்தான் தெரிந்தது. மூன்று நாளில் ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொட அருவருப்பு.

"இப்போது இதில் ஒரு முடிச்சுப் போடப் போகிறேன்" என்று இடுக்கியால் தூக்கினேன். பாதி வந்தது. மறு பாதி களி மாதிரி நழுவி பாட்டிலுக்குள் தொப்பென்று விழுந்தது. தெறித்த சொட்டு பிரின்சிபாலின் வெள்ளைச் சேலையில் பட்டது. கையில் இருந்த பாதியும் மேஜைமேல் பொலபொலவென்று உதிர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தி தொடங்கிய சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. கூடவே, அறை முழுக்க மெதுவாகப் பெருங்காய வாசனை பரவியது.

டாக்டர் எழுந்து வந்து மேஜையைக் குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"குட்டீ, இது வேவிச்சதாணோ?"

"ஆமாம் சார். வேகவைச்சேன்."

"எத்ர நேரம்?"

"எட்டு விசில் சார்." இடுக்கியைக் கீழே வைத்தேன். "மூணு தடவை."

"மூணு தடவையோ? அதெந்தினா?"

"சுத்தம் பண்ண சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்போ கொலாஜென் இப்போள் எவிடெ?"

"வாழை மரத்தடியில சார்."

உண்மையைத்தான் சொன்னேன். பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. சேலையைத் துடைத்தபடி, கடிதம் போடுகிறோம் என்றார். அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒரே வாய்ப்பு, அதை நானே வேகவைத்துக் கொட்டிவிட்டேன். உள்ளே நுழைந்தால் சமையலறையில் மாமியார். அடுப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று குக்கர். மாமனாரைச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பிப் புது காஸ்கெட் வாங்கிவரச் செய்து, பரணிலிருந்து இறக்கியிருக்கிறார். கழுவிய பருப்பை இடது கையில் பிடித்தபடி உள்ளே கொட்டப் போகிறார்.

"வேண்டாம்மா!" என்று கத்தினேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கெட், நாய், மூன்று தடவை, பெருங்காயம், பிரின்சிபால் சேலை, ஒன்று விடாமல். மாமியார் பருப்பைக் கீழே வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"இந்தக் குக்கர்லையா?"

"ஆமாம்மா."

"அதுக்கப்பறம் இதுல சமைச்சியோ?"

"சத்தியமா இல்லேம்மா. அதுக்குத்தான் பொய் சொன்னேன்."

"போய்த் தலைக்குத் தண்ணி விட்டுண்டு வா" என்றார். குக்கர் கொல்லைக்குப் போனது. மதியம் பாத்திரம் தேய்க்க வந்த செல்லம்மாவிடம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். செல்லம்மாவின் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்தது. எதற்கு இந்தத் தானம் என்று அவள் விடாமல் கேட்கவே, நான் சொல்லித் தொலைத்தேன்.

"ஏம்மா, குக்கர்ல அத்தன சத்தம் விட்டா எலும்ப பல்லில்லாதவகூட மென்னு துப்பிருவாகளே. அதப் போயி முடிச்சுப் போடப் பாத்தீகளாக்கும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் இருவரில் எம்.எஸ்.ஸி. நான்.

சாயங்காலம் மாமியார் ஊஞ்சலில் இருந்து கூப்பிட்டார். தீர்ப்புச் சொல்லத்தான் என்று நினைத்து எதிரில் நின்றேன்.

"உட்காரு. அந்தக் கண்ராவியில என்னத்தைக் காட்டணும்னு நினைச்சே?"

சொன்னேன். மூன்று இழையை விட்டுவிட்டேன், ஜெலட்டினை விட்டுவிட்டேன். அவர் கையையே பிடித்துக்கொண்டு சொன்னேன். "இங்கே முறிஞ்சுது இல்லையா, இந்த ரெண்டு முனைக்கும் நடுவுல முதல்ல ஒரு நார் பின்னும். கட்டடத்துல கம்பி கட்டற மாதிரி. அதுமேல அப்பறமாத்தான் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்படும். அந்த நார் இல்லேன்னா எலும்பு சாக்குக்கட்டி மாதிரி பொடிஞ்சுடும்."

"டாக்டர் பால் குடின்னுதானே சொன்னார்?"

"பால் சுண்ணாம்புக்கு. நாருக்கு நெல்லிக்காயும் வேணும். பருப்பும் வேணும்."

அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மாதம் யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. கட்டினார்கள், பிரித்தார்கள், பால் குடி என்றார்கள். அந்தக் கையால் இனித் தன் சேலையைத் தானே பிழிந்து உலர்த்த முடியுமா என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. அதை அன்றுதான் கேட்டார். "பழையபடி ஆயிடுமோடீ?" என்றபோது குரல் வேறு மாதிரி இருந்தது. ஆகும் என்று சொன்னேன். என் மாமியாரை அதுவரை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்துவிட்டது.

"இதையாக்கும் அவாகிட்டே சொன்னியோ?"

"இங்கிலீஷ்ல வேற மாதிரி சொன்னேன்."

"பச்சையாப் போட்டிருந்தா வளைஞ்சிருக்குமோ?"

"வளைஞ்சிருக்கும். புஸ்தகத்துல இருக்கு."

"வேகவைக்கப்படாதுன்னும் அதே புஸ்தகத்துல இருந்துதோ?"

"இருந்தது."

மாமியார் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். "இந்த ஊர்ல வேற காலேஜ் ஒண்ணும் இல்லியா என்ன? எழுதிப் போடு. எலும்பை வேகவைக்காதே. என் அடுக்களைப் பக்கம் கொண்டு வராதே." பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கி, என் கணவரின் முகம் தெரிந்தது.

ஒன்பது மாதம் கழித்து இன்னொரு கல்லூரி கூப்பிட்டது. இந்தத் தடவை செல்லம்மா வாங்கிவந்து, அவளே சதையை வழித்துக் கொடுத்த பச்சை எலும்பு, கொல்லைக் கோடியில் பாட்டிலில் ஊறியது. மாமியார் தினமும் பத்தடி தள்ளி நின்று "ஆச்சோ?" என்று விசாரித்தார். ஐந்தாம் நாள் எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினேன். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை கட்டு" என்றார். அந்தக் கல்லூரியில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தால், "எட்டு விசிலா, மூணு தடவையா?" என்று கேட்பார்கள். கதையை ஊர் முழுக்கப் பரப்பியது மாமியார்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எலும்பு பெரிதாகிக்கொண்டே போய், கடைசிக் காலத்தில் அது ஒரு முழு ஆடாகவே ஆகியிருந்தது. ஒரே ஒரு தடவை நான் குறுக்கே புகுந்தேன்.

"ஒரு தடவைதான் போகணும், அப்பறம் பேச்சே எடுக்கப்படாதுன்னு சொன்னேளே அம்மா, அதையும் சொல்லுங்கோ."

"நானா? நான் எப்போ சொன்னேன்? நீயாக்கும் இனிமே போகவே மாட்டேன்னு அழுதுண்டு வந்தே. எழுதிப் போடுன்னு சொன்னது நான்."

எழுதிப் போடச் சொன்னது அவர்தான். அதனால் மற்றதைப் பற்றி அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, இப்போது வீட்டில் இந்தக் கதையைச் சொல்வது நான். நடந்ததை நடந்தபடி இங்கேதான் எழுதுகிறேன், வாயால் சொல்வதெல்லாம் அவர் சொன்னபடியேதான்.